கேபிளைப் பிடுங்கிய சுபேதார்

ராணுவத்துக்காகச் செய்த நடமாடும் 5ஜி டவரின் முதல் டெமோவில் நாங்கள் வேகத்தைத்தான் காட்டினோம். பெங்களூரு பீன்யாவில் இருக்கும் எங்கள் சின்ன நிறுவனத்தின் கொட்டகையில் ஒரு வண்டி, அதன் தலையில் 5ஜி ஆன்டெனா, திரையில் 800 எம்பிபிஎஸ் என்று பச்சை எழுத்து. பார்க்க வந்திருந்த ராணுவக் குழுவில் ஒரு சுபேதார் இருந்தார், வேலூர்ப் பக்கத்துக்காரர். அவர் திரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக வண்டியின் பின்பக்கம் போனார், சுவரிலிருந்து வந்த ஃபைபர் கேபிளைப் பிடுங்கினார். "இப்ப பேசிக் காட்டுங்க தம்பி" என்றார்.

இரண்டடி இடைவெளியில் இருந்த இரண்டு போன்களும் பேச மறுத்துவிட்டன.

(ஹலசூர் ஏரியை ஒட்டி இருக்கும் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் சிப்பாய்களை ராணுவத்தில் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். அன்றைக்கு அந்தப் பெயர் எனக்கு வந்து சேர்ந்தது.)

நடந்தது இதுதான். மொபைல் நெட்வொர்க்கில் டவர் தானாக யாரையும் இணைத்துவிடாது. சிம் யாருடையது, யாரை யாரோடு இணைப்பது என்பதையெல்லாம் 'கோர்' என்கிற மென்பொருள்தான் பார்த்துக்கொள்ளும். எங்கள் கோர் பக்கத்துக் கட்டடத்து சர்வர் அறையில் இருந்தது. நகரத்து நெட்வொர்க்கில் அப்படித்தான் செய்வோம். கேபிள் அறுந்தால் தோண்டிய ஜேசிபிக்காரரைத் திட்டிவிட்டு இரண்டு மணி நேரத்தில் ஒட்டிவிடலாம். எல்லையில் அந்தக் கேபிளை அறுப்பதுதான் எதிராளிக்கு முதல் வேலை. ஆகவே கோரும் வண்டியிலேயே ஏற வேண்டும். வெளியுலகம் போனாலும் அந்த வண்டியைச் சுற்றி இருப்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்தத் துறைக்குள் வர நினைக்கும் இளைஞர்களும் சிறு நிறுவனங்களும் என்னிடம் முதலில் கேட்பது "ராணுவத்துக்கு எவ்வளவு ஸ்பீட் வேணும் சார்?" என்பதுதான். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கோரை வண்டியில் ஏற்றியதும் தீர்ந்துவிட்டது என்று நினைத்தோம். அடுத்தது கடிகாரம். இன்றைய 5ஜி பெரும்பாலும் ஒரே அலைவரிசையில் அனுப்புவதையும் வாங்குவதையும் நேரம் பிரித்துச் செய்கிறது. பக்கத்துப் பக்கத்து டவர்கள் எல்லாம் ஒரே நொடிக்கணக்கில் ஓட வேண்டும். அனுமதிக்கப்பட்ட வித்தியாசம் 3 மைக்ரோ நொடி, அதாவது ஒளி ஒரு கிலோமீட்டர்கூடத் தாண்டாத நேரம். இது தவறினால் ஒரு டவரின் அனுப்பல் அடுத்த டவரின் காதில் விழுந்து, இரண்டுமே கெடும். இந்த நேரத்தை ஊரில் ஜிபிஎஸ் கொடுக்கிறது. சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வந்து சேரும் அந்த சிக்னல் அவ்வளவு மெலிசு. சிக்னலை அமுக்கும் சின்ன ஜாமர் போதும், காணாமல் போகும். ஜிபிஎஸ் மாதிரியே நம் நாட்டுக்கென்று இருக்கும் நாவிக்கின் ரிசீவரைச் சேர்ப்பது நல்லதுதான், ஆனால் அதுவும் வானத்திலிருந்து வருவதுதான், அதையும் அமுக்கலாம். ஆக, வண்டிக்குள் சொந்தக் கடிகாரம் வேண்டும். சூடேற்றிய குவார்ட்ஸ் கடிகாரம் போட்டால் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். ரூபிடியம் அணுக் கடிகாரம் போட்டால் இன்னும் நீளும், விலையும் கூடவே நீளும். எத்தனை மணி நேரம் வேண்டும் என்று எங்கள் மேஜையில் உட்கார்ந்து எப்படிச் சொல்வது? அந்தப் படைப்பிரிவு எவ்வளவு நேரம் ஓர் இடத்தில் நிற்கும் என்று தெரிந்தவர்தான் சொல்ல முடியும்.

மூன்றாவதுதான் எனக்குத் தூக்கம் கெடுத்த விஷயம். 5ஜி பேஸ் ஸ்டேஷன், அதாவது டவரில் இருக்கும் ரேடியோ, சும்மா இருக்காது. யாருமே பேசாவிட்டாலும் "நான் இங்கே இருக்கிறேன்" என்று ஒரு சிக்னலை வழக்கமாக 20 மில்லி நொடிக்கு ஒரு முறை அனுப்பிக்கொண்டே இருக்கும். புதிதாக வரும் போன் அதைக் கேட்டுத்தான் ஒட்டிக்கொள்ளும். கல்யாண மண்டபத்து ஒலிபெருக்கி மாதிரி. திசை கண்டுபிடிக்கும் கருவி வைத்திருக்கும் எதிராளிக்கும் அது கேட்கும். இடைவெளியை 160 மில்லி நொடி வரை நீட்ட விதிமுறையே அனுமதிக்கிறது, ஆனால் நீட்டினால் போன் நெட்வொர்க்கைக் கண்டுபிடிக்கத் திணறும். மொபைல் கம்பெனிக்காரனுக்கு இது கவலையே இல்லை. அவனுக்கு டவர் சத்தம் போட்டால்தான் வாடிக்கையாளர்.

இங்கேதான் அரசும் தொழில்துறையும் சேர்ந்து உட்கார வேண்டிய அவசியம் வருகிறது. விதிமுறைகளை எழுதுவது உலக அளவிலான 3ஜிபிபி அமைப்பு. அந்த அறையில் உட்கார்ந்திருப்பவரின் தேவைதான் அதில் ஏறும். நம் ஊர் உதாரணமே இருக்கிறது. டவர்களுக்கு நடுவே 6 கிலோமீட்டர் இடைவெளி இருக்கும் கிராமங்களுக்கு 5ஜி சரிவராது என்று டிஎஸ்டிஎஸ்ஐ என்கிற இந்தியத் தொலைத்தொடர்பு விதிமுறை அமைப்பு வழியாக நம்மவர்கள் விடாமல் வாதாடினார்கள். '5ஜிஐ' என்ற பெயரில் வந்த அந்தத் தீர்வு கடைசியில் 3ஜிபிபியின் 17வது பதிப்பில் பொது விதிமுறையோடு சேர்க்கப்பட்டது. கிராமத்துக்காகச் செய்ததை ஏன் படைக்காகச் செய்யக்கூடாது?

சேர்ந்து வேலை செய்வது புதிதும் அல்ல. முப்படைகள் வைத்திருந்த அலைக்கற்றையில் ஒரு பகுதியை மொபைல் சேவைக்கு விட்டுக்கொடுத்தன. பதிலுக்கு அவர்களுக்குத் தனி ஃபைபர் வலை போட்டுத் தரும் வேலை பிஎஸ்என்எல்லிடம் போனது. 2018ல் அதற்கான மொத்தத் தொகை 24,664 கோடி ரூபாயாக உயர்ந்தது. 2022 மே மாதம் ஐஐடி மெட்ராஸ் தலைமையில் எட்டு நிறுவனங்கள் 220 கோடி ரூபாயில் உருவாக்கிய 5ஜி சோதனைக் களம் திறக்கப்பட்டது. நம் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் (ஐஐஎஸ்சி) அதில் உண்டு. அடுத்த மாதமே மத்தியப் பிரதேசத்தின் மோவ் நகரில் உள்ள ராணுவத் தொலைத்தொடர்புப் பொறியியல் கல்லூரி, அங்கேயும் ஒரு 5ஜி களம் அமைக்க ஐஐடி மெட்ராஸுடன் ஒப்பந்தம் போட்டது. எனக்குக் கட்டடத்தைவிட இதுதான் முக்கியமாகப் படுகிறது: பெட்டி செய்பவனும் அதைச் சுமக்கப் போகிறவனும் ஒரே இடத்தில் நிற்க ஒரு வாய்ப்பு.

2025 ஜனவரியில் சியாச்சினில் ஜியோ 5ஜி வந்தபோது மாமா ஒருவர், "அப்போ உன் வேலை முடிஞ்சுதா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டார். அது ஜவான்கள் வீட்டுக்குப் பேச. பெரிய விஷயம்தான். ஆனால் சண்டை நேரத்து நெட்வொர்க் வேறு.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். வழக்கமான கொள்முதலில் சோதனைக்குக் கொண்டுபோகும் பெட்டிக்கு அரசு பைசா தராது, வாங்குவதாக உறுதியும் தராது. 'நோ காஸ்ட் நோ கமிட்மென்ட்' என்பார்கள். பத்துப் பேர் நிறுவனம் ஒன்று மலைமேல் இரண்டு முறை ஏறி இறங்கினால் வருஷ லாபம் போய்விடும். 2018ல் சென்னைப் பாதுகாப்புக் கண்காட்சியில் தொடங்கிய, பாதுகாப்புத் துறைக்குப் புதுக் கருவி செய்பவர்களுக்கு உதவும் ஐடெக்ஸ் திட்டம் இதில் கொஞ்சம் மூச்சு விட வைக்கிறது. ஒன்றரைக் கோடி வரை மானியம் உண்டு, ஐடெக்ஸ் பிரைமில் 10 கோடி வரை. அதே அளவு நீங்களும் போட வேண்டும், தொகையும் கட்டம் கட்டமாகத்தான் வரும். கையிருப்பு இல்லாமல் இறங்காதீர்கள். அதைவிட முக்கியம், விண்ணப்பத்தை நிரப்புவதற்கு முன்பே, நீங்கள் தீர்க்கப் போகும் சிக்கலைச் சவாலாக முன்வைத்த படைப்பிரிவுடன் எத்தனை நாள் களத்தில் நிற்க விடுவார்கள் என்று கேட்டுவிடுங்கள். டெண்டர் காகிதம் வந்த பிறகு கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

பாதுகாப்புச் சான்றிதழையும் கடைசிக்குத் தள்ள வேண்டாம். தொலைத்தொடர்புத் துறையின் தகவல் தொடர்புப் பாதுகாப்புக்கான தேசிய மையம் பெங்களூருவிலேயே இருக்கிறது. அவர்கள் வெளியிடும் தேவைப்பட்டியலை முதல் வரைபடத்துக்கு முன்பே படித்துவிடுங்கள். பெட்டியை மூடிய பிறகு மென்பொருளைத் திருத்தி நாங்கள் பட்ட பாடு போதும்.

ஏழு மாதம் கழித்து அதே சுபேதார் மறுபடி வந்தார். கேபிளைப் பிடுங்கினார், போன்கள் பேசின. ஜிபிஎஸ் ஆன்டெனாவின் மேல் ஒரு ஸ்டீல் சட்டியைக் கவிழ்த்துவிட்டு டீ குடிக்கப் போனார், திரும்பி வரும்போதும் பேசிக்கொண்டிருந்தன. அப்புறம் வண்டியைச் சுற்றி வந்து, ஓரமாக உறுமிக்கொண்டிருந்த ஜெனரேட்டரைப் பார்த்தார்.

"இதுக்கு டீசல் யார் தூக்கிட்டு வர்றது தம்பி?"

இப்போது ரேடியோவின் மின்சாரத்தைப் பாதியாகக் குறைத்து, வண்டியின் 24 வோல்ட் பேட்டரியிலேயே ஓட்டப் பார்க்கிறோம்.