1911 பிஸ்டல்: மூணு மில்லிமீட்டர்ல முடியற கணக்கு

டெக்ஸாஸ்ல எனக்குத் தெரிஞ்ச மதுரைக்கார அண்ணன் ஒருத்தர் இருக்காரு, காலேஜ் படிக்கறப்போ யமஹா ஆர்எக்ஸ் 100-க்கு சைலன்சர மாத்தி, கார்ப்பரேட்டர்ல ஜெட்ட மாத்தி தெருவையே எழுப்பி விட்ட ஆளு, அமெரிக்கா போயி சிட்டிசன்ஷிப் எல்லாம் வாங்கி செட்டில் ஆனப்புறம் அந்த கை நமைச்சல் அப்டியே ஒரு 1911 பிஸ்டல் மேல திரும்பிடுச்சு. செகண்ட் ஹேண்டு, .45 காலிபர், அதாவது குண்டோட குறுக்களவு அங்குலத்துல 0.45. வாங்கி மூணு வாரம் கூட ஆகல, "ஸ்ப்ரிங் இன்னும் கெட்டியா போட்டா உதைக்கறது கம்மியாயிரும் தம்பி"ன்னு சொல்லி உள்ள இருந்த ரீகாயில் ஸ்ப்ரிங்க கழட்டி எறிஞ்சிட்டு கனமான ஒன்ன போட்டாரு. அதுவரைக்கும் சொன்ன பேச்சு கேட்டுட்டிருந்த துப்பாக்கி அடுத்த சனிக்கிழமை ரேஞ்சுல மேகஸினுக்கு (தோட்டா அடுக்கி உள்ள சொருகற டப்பா) ஒரு தடவையாவது சிக்க ஆரம்பிச்சுது.

ஏன் சிக்குச்சுன்னு புரியணும்னா உள்ள என்ன நடக்குதுன்னு பாத்தாகணும், பாத்தா செம சுவாரஸ்யமான சமாச்சாரம்.

மொதல்ல இத செஞ்ச ஆளு யாருன்னு சொல்லிடறேன். ஜான் மோசஸ் பிரவுனிங், 1855-ல யூட்டா மாகாணத்துல ஆக்டன்ங்கற ஊர்ல பொறந்தவரு, அப்பாவும் துப்பாக்கி செய்யறவரு. 1900-களோட ஆரம்பத்துல அமெரிக்கா பிலிப்பைன்ஸ்ல சண்டை போட்டுட்டிருந்துச்சு, அங்க மோரோ வீரர்கள் .38 ரிவால்வர் குண்டு பட்டும் நிக்காம ஓடி வந்தாங்கன்னு ராணுவத்துக்கு பெரிய கவலை. 1904-ல சிகாகோ கசாப்புக் கூடத்துல மாடுங்கள சுட்டு, மனுஷ சடலங்களயும் சுட்டு (கேக்கவே ஒரு மாதிரி இருக்கு, ஆனா நடந்தது) .45-க்கு கம்மியா எதுவும் வேணாம்னு ரெண்டு அதிகாரிகள் அறிக்கை குடுத்தாங்க. அதுக்குத் தோதா பிரவுனிங் தோட்டாவும் செஞ்சாரு, பிஸ்டலும் செஞ்சாரு. பேட்டன்ட் கெடச்சது 1911 பிப்ரவரி 14, கடைசி போட்டியில 6,000 ரவுண்டு சுட்டு, சூடேறினா ஆற வச்சு மறுபடி சுட்டு, ஒரு தடவை கூட மக்கர் பண்ணல, எதிர்ல நின்ன சாவேஜ் பிஸ்டல் 37 தடவை மக்கர் பண்ணுச்சு. மார்ச் 29-ல ராணுவம் எடுத்துக்கிச்சு, 1985 வரைக்கும் விடல. இதுல ஒரு வேடிக்கை, எந்த பிலிப்பைன்ஸ் சண்டையால இந்த .45 பொறந்துச்சோ அதே பிலிப்பைன்ஸ்ல மரிகினாங்கற ஊர்ல இருக்கற ஒரு கம்பெனிதான் இன்னிக்கு உலகத்துல 1911 மாதிரி பிஸ்டல் அதிகமா செய்யற எடங்கள்ல ஒன்னு.

சரி உள்ள போவோம். தோட்டா வெடிச்ச ஒடனே உள்ள அழுத்தம் 21,000 பிஎஸ்ஐ வரைக்கும் போகலாம். நம்ம கார் டயர்ல முப்பத்தி சொச்சம் பிஎஸ்ஐ தான் அடிக்கறோம்னு வச்சுப் பாத்தா எவ்ளோ பெரிய வெறின்னு புரியும். இந்த காத்து குண்ட முன்னாடி தள்ளும்போதே அதே விசையில காலி தோட்டாவ பின்னாடியும் தள்ளுது, தோட்டாவுக்குப் பின்னாடி இருக்கறது ஸ்லைடு, அதாவது பிஸ்டலோட மேல்பாகம் முழுக்க மூடியிருக்கற அந்த நகர்ற இரும்பு. அந்த நேரத்துல ஸ்லைடு சும்மா பின்னாடி ஓடிப்போச்சுன்னா பித்தளைத் தோட்டா பாதி வெளிய வந்த நெலமைல கிழிஞ்சு சுடறவன் மூஞ்சிக்கு நேரா வெடிக்கும். ஆக அழுத்தம் எறங்கற வரைக்கும் கதவு சாத்தியே இருக்கணும், அப்புறம் தானா தெறக்கணும். இவ்ளோதான் பிரச்னையே.

பிரவுனிங் என்ன பண்ணாருன்னா பேரலோட முதுகுல ரெண்டு பல்லு மாதிரி வரப்பு வச்சாரு, ஸ்லைடோட உள்பக்கம் அதுக்கேத்த பள்ளம் வெட்டினாரு. பேரல் மேல தூக்கி நிக்கும்போது பல்லு பள்ளத்துல உக்காந்துக்கும், பேரலும் ஸ்லைடும் ஒட்டுன ஒரே கட்டை. இப்போ வெடிச்சா ரெண்டும் சேந்துதான் பின்னாடி நகரும். எவ்ளோ நகரும்னு நம்ம பள்ளிக்கூட இயற்பியல வச்சே போட்டுப் பாக்கலாம்: குண்டு கிட்டத்தட்ட 15 கிராம், பேரலும் ஸ்லைடும் சேந்து சுமாரா அரை கிலோ, அதாவது முப்பத்தி சொச்சம் மடங்கு கனம், அதனால குண்டு பேரலுக்குள்ள 10 செ.மீ. ஓடற நேரத்துல இந்தக் கட்டை அதுல முப்பத்தி சொச்சத்துல ஒரு பங்குதான் பின்னாடி வந்திருக்கும். வெறும் மூணு மில்லிமீட்டர். நேரமா சொன்னா ஒரு மில்லிசெகண்ட் கூட இல்ல. பிஸ்டல கையில எடுத்து அளந்து பாத்தா பூட்டு கழல ஆரம்பிக்கற எடமும் ஏறக்குறைய அங்கதான் இருக்கு, மனுஷன் நூறு வருஷத்துக்கு முன்னாடி கம்ப்யூட்டரும் இல்லாம ஒன்னும் இல்லாம இதப் புடிச்சிருக்காரு.

இப்போ அண்ணனோட தப்புக்கு வரேன். நெறைய பேர் ஸ்லைட புடிச்சு நிறுத்தறது அந்த ஸ்ப்ரிங்குன்னு நெனைக்கறாங்க, நானும் அப்டிதான் நெனச்சிட்டிருந்தேன். கணக்கு போட்டா சிரிப்பு வருது. 21,000 பிஎஸ்ஐய அந்த குண்டோட பரப்பளவுல பெருக்கினா ஒன்றரை டன் விசை வருது. ரீகாயில் ஸ்ப்ரிங் சாதாரணமா 16 பவுண்டு, அதாவது ஏழு கிலோ சொச்சம், அதுவும் முழுசா அமுங்கினப்புறம்தான், மூடி இருக்கறப்போ அதுல பாதி இருந்தா பெருசு. ஒன்றரை டன் எங்க, மூணு நாலு கிலோ எங்க. கோயில் யானைய கொசுவலை கட்டி நிறுத்தின மாதிரி. அந்த மொத ஒரு மில்லிசெகண்டுல கதவ சாத்தி வைக்கறது இரும்போட எடையும் அந்த ரெண்டு பல்லும்தான், ஸ்ப்ரிங்குக்கு அப்போ வேலையே இல்ல, அதோட ஷிப்ட் ஆரம்பிக்கறதே குண்டு வெளிய போனப்புறம்.

மூணு மில்லிமீட்டர் வந்தப்புறம் நடக்கறதுதான் எனக்கு ரொம்பப் புடிச்ச பாகம். பேரலோட பின்பக்கம் அடியில சின்னதா ஒரு லிங்க், எட்டு மாதிரி ரெண்டு ஓட்ட போட்ட ஒரு இரும்புத் துண்டு, மேல் ஓட்ட பேரலோட, கீழ் ஓட்ட ஸ்லைடு ஸ்டாப்போட பின்னு வழியா ஃபிரேமோட, அதாவது கைப்பிடியோட சேந்த கீழ்பாகத்தோட. ஊஞ்சல் பலகை பின்னாடி போகப் போக வளைஞ்சுதான போகும், நேரா போக முடியாதுல்ல, அந்த மாதிரி பேரல் பின்னாடி நகர நகர இந்த லிங்க் அத கீழ இழுத்துடும். பல்லு பள்ளத்துலேந்து கழலும், பேரல் அங்கயே நின்னுடும், ஸ்லைடு மட்டும் வாங்கின வேகத்துல தன் பாட்டுக்கு ஓடும். பிரவுனிங்கோட 1900, 1905 மாடல்கள்ல முன்னாடி ஒன்னு பின்னாடி ஒன்னுன்னு ரெண்டு லிங்க் இருந்துச்சு, 1911-ல முன்லிங்க தூக்கிட்டு மூக்குல ஒரு புஷ் மட்டும் வச்சு பேரல் சாஞ்சு எறங்கற மாதிரி மாத்திட்டாரு. இன்னிக்கு கடையில விக்கற பெரும்பாலான பிஸ்டல்கள்ல லிங்க் இல்ல, அதுக்குப் பதிலா சரிவா வெட்டின ஒரு காடி இருக்கு, ஆனா பேரல் சாயறது அதே சாய்வுதான்.

பின்னாடி ஓடற ஸ்லைடு ஒரே மூச்சுல நாலு வேலை பாக்குது. எக்ஸ்ட்ராக்டர் கொக்கி காலித் தோட்டாவோட விளிம்ப புடிச்சு இழுத்துட்டு வரும், எஜெக்டர்ங்கற முட்டு அத இடிச்சு வெளிய தட்டி விடும், போற வழியில ஹேமர, அதாவது சுடறதுக்கு அடிக்கற சுத்திய, மடக்கி சாச்சிடும், கடைசியா ஸ்ப்ரிங்க முழுசா அமுக்கிடும். அப்புறம் அந்த அமுங்கின ஸ்ப்ரிங் ஸ்லைட முன்னாடி தள்ளும்போது மேகஸின்லேந்து அடுத்த தோட்டாவ உருவி பேரலுக்குள்ள சொருகி லிங்க் மறுபடி பேரல மேல தூக்கி பல்லு பூட்டிக்கும். எல்லாம் சேந்து ஒரு செகண்டுல இருபதுல ஒரு பங்கு, கண்ண சிமிட்டறதுக்குக் கூட இதுக்கு மேல ஆகும்.

ஆக ஸ்ப்ரிங்குக்கு வேலை ரெண்டு, பின்னாடி வர்ற ஸ்லைட மெதுவா நிறுத்தணும், திருப்பி அனுப்பணும். அண்ணன் போட்ட கனமான ஸ்ப்ரிங் ரெண்டையும் கெடுத்துச்சு. அவரு வாங்கறது காசு கம்மியான, மருந்து கொஞ்சம் சாதுவான பிராக்டிஸ் தோட்டா, அதோட வேகத்துல ஸ்லைடு முழுசா பின்னாடி போறதுக்குள்ள ஸ்ப்ரிங் மறிச்சிடுது, காலித் தோட்டா வெளிய பறக்கறதுக்குள்ள கதவு திரும்ப வந்து அத நட்டுக்குத்தலா கவ்விக்குது, அடுப்புப் புகைபோக்கி மாதிரி மேல நீட்டிட்டு நிக்கும். தப்பிச்சு முழுசா போனாலும் திரும்பறப்போ வேகம் ஜாஸ்தி, மேகஸின் ஸ்ப்ரிங் அடுத்த தோட்டாவ மேல தூக்கறதுக்குள்ள ஸ்லைடு அது தலைக்கு மேல தாண்டிப் போயிடுது. உதை குறைஞ்சுதான்னு கேட்டா அதுவும் இல்ல, குண்டு போன உந்தம் போனதுதான், யாராலயும் அத அழிக்க முடியாது, ஸ்ப்ரிங்கால அந்த உதைய கொஞ்சம் முன்ன பின்ன பிரிச்சுக் குடுக்க முடியும், அவ்ளோதான். கனமான ஸ்ப்ரிங்ல ஸ்லைடு முன்னாடி வந்து மோதற மோதல்ல மூக்கு கீழ குத்தி குறி ஆடுது, அது புது வினை.

அப்கிரேடுன்னு கடையில வர்ற மத்த சாமானெல்லாம் எடுத்துக்கங்க. குறி பாக்கற சைட்டு மாத்தறது நியாயமான செலவு, ராணுவம் குடுத்த பழைய சைட்டு எள்ளு மாதிரி இருக்கும். கைய கடிக்காம இருக்க பின்பக்கம் வால் நீண்ட கிரிப் சேஃப்டி (கைப்பிடிய இறுக்கிப் புடிச்சாத்தான் சுட விடற பூட்டு) போடறதும் நல்லதுதான், ஆனா பல ஃபிரேம்ல இரும்பையே அரம் வச்சு தேய்க்கணும், போல்ட்ட கழட்டி மாட்டற சமாச்சாரம் இல்ல. மக்கள் ரொம்ப காசு கொட்டறது "டைட்டா" ஆக்கறதுக்கு, ஸ்லைடு ஃபிரேம் மேல லொட லொடன்னு ஆடினா மானப் பிரச்னையாயிடுது. யோசிச்சா சைட்டு ரெண்டும் உக்காந்திருக்கறது ஸ்லைடு மேல, ஃபிரேம் மேல இல்ல, அதனால பேரல் ஒவ்வொரு தடவையும் ஸ்லைடோட அதே எடத்துல வந்து பூட்டினா குறி சரியா இருக்கும், அதுக்கு முன்புஷ்ஷும் பின்னாடி பல்லும் ஒழுங்கா பொருந்தினா பாதி வேலை முடிஞ்சுது.

ராணுவத்துக்கு ஆட்டம் இருந்தா பரவால்ல, ஒருத்தன் செஞ்ச பேரல் இன்னொருத்தன் செஞ்ச ஸ்லைடுல ஏறணும். ரெண்டாம் உலகப்போர்ல இத செஞ்சது யாருன்னு பாருங்க, டைப்ரைட்டர் செஞ்ச ரெமிங்டன் ராண்ட், ரயில் சிக்னல் செஞ்ச யூனியன் ஸ்விட்ச், அப்புறம் நம்ம வீட்டு மூலையில பாட்டி மிதிச்ச தையல் மிஷின் செஞ்ச அதே சிங்கர். சிங்கர் செஞ்சது 500 பிஸ்டல்தான், அப்புறம் வேற ராணுவ சாமான் செய்யப் போயிட்டாங்க, இப்போ அந்த 500-ல ஒன்னு கெடச்சா சேகரிக்கறவங்க சொத்த எழுதி வைப்பாங்க போல.

எக்ஸ்ட்ராக்டர் மட்டும் வேற ஜாதி. மத்த நெறைய துப்பாக்கியில கொக்கி தனி, அத அமுக்கற சுருள் ஸ்ப்ரிங் தனி, 1911-ல அந்த நீளக் கம்பியே கொக்கி, அதுவே ஸ்ப்ரிங். லேசா வளச்சு வச்சிருக்கற வளைவுதான் புடிமானம், கம்மியா வளஞ்சா தோட்டாவ நழுவ விடும், ஜாஸ்தியா வளஞ்சா அடுத்த தோட்டாவோட விளிம்ப உள்ளயே விடாது. நல்ல ஸ்ப்ரிங் ஸ்டீல்னா வருஷக்கணக்கா நிக்கும். இத கையாலயே வளச்சு சரி பண்ற பழைய மெக்கானிக்குகள பாத்தா வீணைக்கு சுருதி சேக்கறவங்க மாதிரி இருக்கும்.

ட்ரிகர் மட்டும் வீட்டு மேசையில கை வைக்கற எடம் இல்ல. ஹேமரோட கொக்கியும், ட்ரிகர் அமுத்தற வரைக்கும் ஹேமர விழாம நிறுத்தி வைக்கற சியரும் ஒன்ன ஒன்னு புடிச்சிட்டிருக்கற ஆழம் சுமார் அரை மில்லிமீட்டர். ட்ரிகர் வழுக்கற மாதிரி லேசா இருக்கணும்னு அந்த அரை மில்லிமீட்டர்ல கல்லு வச்சு தேச்சோம்னா, ஸ்லைடு முன்னாடி வந்து மோதற அதிர்ச்சியிலயே ஹேமர் தானா விழ ஆரம்பிக்கலாம், அதுக்கு மேல சொல்லத் தேவையில்ல. போதாக்குறைக்கு மூணு விரல் மாதிரி வெட்டின ஒரே ஒரு தகடு ஸ்ப்ரிங், ஒரு விரல் சியருக்கு, நடு விரல் டிஸ்கனெக்டருக்கும் (ஒரு தடவை அமுத்தினா ஒரு குண்டு மட்டும் போக வைக்கற துண்டு) ட்ரிகருக்கும், இன்னொன்னு கிரிப் சேஃப்டிக்கு, ஒன்ன வளச்சா மத்தது கோவிச்சுக்கும். லைசென்ஸ் வச்ச கன்ஸ்மித், அதாவது துப்பாக்கி மெக்கானிக் கிட்ட குடுக்கறதுதான் மலிவு.

கடைசில அண்ணனும் அப்டி ஒரு கன்ஸ்மித்து கிட்டதான் போனாரு. அவரு பாத்துட்டு பழைய 16 பவுண்டு ஸ்ப்ரிங்கயே திருப்பிப் போட்டாரு, கூட ஃபயரிங் பின் ஸ்டாப்னு ஒரு குட்டித் தகட மட்டும் மாத்தினாரு. ஹேமர மடக்கறது இந்தத் தகடோட கீழ் விளிம்புதான். பிரவுனிங் காலத்துல அந்த விளிம்பு கிட்டத்தட்ட சதுரமா இருந்துச்சு, பின்னாடி கையால ஸ்லைட இழுக்க கஷ்டமா இருக்குன்னு உருட்டி விட்டுட்டாங்க. சதுரமா இருந்தா அது ஹேமர அடியில, அச்சுக்குக் கிட்ட தள்ளுது, கதவ தாப்பாள் பக்கம் தள்ளாம கீல் பக்கம் தள்ளின மாதிரி, ஸ்லைடுக்கு ஆரம்பத்துலயே சிரமம், அதனால அதோட வேகம் அங்கயே கொஞ்சம் கொறஞ்சிடும். முன்னாடி வர்ற வேகத்துல ஒன்னும் கை வைக்கல. அண்ணன் ஸ்ப்ரிங்குல தேடினது இதுதான், 1911-லயே இருந்துச்சு.

சிக்கல் போச்சு. ஸ்லைட மொதல் தடவை இழுக்கறப்போ மட்டும் மூச்ச புடிக்கணும், "ஜிம்முக்கு போற காசு மிச்சம்"ங்கறாரு. ஆனா நடுவுல அவரா கழட்டி மாட்டினப்போ முன்னாடி இருக்கற ஸ்ப்ரிங் மூடி கை நழுவி பறந்து சீலிங் ஃபேன்ல பட்டு பிளேடு ஒன்னு வளஞ்சிடுச்சு, ஸ்லைடு ஸ்டாப்ப திருப்பி சொருகறப்போ ஃபிரேமோட இடது பக்கம் வில்லு மாதிரி ஒரு கீறலும் விழுந்துடுச்சு. 1911 வச்சிருக்கறவங்க அதுக்கு முட்டாள் கீறல்னே பேரு வச்சிருக்காங்க. இப்போ யாருக்காவது பிஸ்டல காட்டும்போது அண்ணன் எப்பவும் வலது பக்கமாத்தான் காட்டறாரு.