செம்பருத்தியில் எறும்பு ஊர்கிறதா? மருந்துக் கடைக்குப் போகும் முன் இலையைத் திருப்பிப் பாருங்கள்

"சார், செம்பருத்தியை எறும்பு தின்னுது, என்ன மருந்து அடிக்கலாம்?" கார்த்திகை மழை ஓய்ந்து பனி இறங்கத் தொடங்கிவிட்டால், வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். எறும்பு மேல் பழி போடாதீர்கள். நுனிக் கொழுந்தைத் திருப்பிப் பாருங்கள். மொட்டுக் காம்பிலும் இளம் இலையின் அடியிலும், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவில், பச்சையும் கறுப்புமாக நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பது அசுவினி. வெள்ளைப் பஞ்சாக அப்பியிருந்தால் அது மாவுப்பூச்சி, அதன் கதை வேறு.

அசுவினி ஊசி போன்ற வாயைக் கொழுந்துக்குள் செருகிச் சாறு குடிக்கும். சாற்றில் சர்க்கரை அதிகம், புரதம் குறைவு. அதனால் நிறையக் குடித்து, மிச்சச் சர்க்கரையைப் பிசுபிசுப்பான கழிவாக வெளியேற்றும். எறும்பு வருவது அந்த இனிப்புக்குத்தான். கீழ் இலைகளில் கரி பூசியதுபோல் படிவதும் அதே கழிவின் மேல் வளரும் பூசணம்தான். கழிவு நின்றால் பூசணமும் நின்றுவிடும், தனி மருந்து தேவையில்லை.

நம் ஊர் வெப்பத்தில் ஆணே இல்லாமல் பெண் அசுவினிகள் குட்டி போட்டுக்கொண்டே போகும். பிறந்த குட்டி ஒரு வாரம் பத்து நாளில் தாயாகிவிடும். திங்கட்கிழமை நாலைந்து இருந்தன, அடுத்த வாரம் கொழுந்தே தெரியவில்லை என்று சொல்பவர்கள் மிகைப்படுத்தவில்லை.

போன வாரம் ஒரு மாடித் தோட்டத்தில் பார்த்தேன். அசுவினிக் கூட்டத்துக்கு நடுவே கறுப்பு உடம்பில் வெளிர் புள்ளிகளோடு, குட்டி முதலை போல ஏழெட்டுப் புழுக்கள். வீட்டுக்காரம்மா அவற்றைக் குச்சியால் நசுக்கிக்கொண்டிருந்தார். அவை பொறிவண்டின் இளம்புழுக்கள். சிவப்பில் கறுப்புக் கோடு போட்ட வண்டை நண்பன் என்று எல்லோருக்கும் தெரியும். அதன் பிள்ளையைத்தான் யாருக்கும் அடையாளம் தெரிவதில்லை. அசுவினியை அது தின்னும் வேகத்துக்கு நம் ஸ்பிரேயர் ஈடாகாது. அப்புறம், அசையாமல், பழுப்பு நிறத்தில், உப்பிய அசுவினிகள் கிடைத்தால் அவற்றையும் விட்டுவிடுங்கள். உள்ளே ஒரு சின்னக் குளவி வளர்ந்துகொண்டிருக்கும்.

இந்தப் பொறிவண்டை விரட்டும் வேலையை எறும்பு செய்கிறது. ஆகவே முதலில் எறும்பின் பாதையை அடைத்துவிடுங்கள். சுவரையும் கம்பியையும் தொடும் கிளைகளை வெட்டுங்கள். தண்டில் காகிதம் சுற்றி அதன்மேல் கிரீஸ் தடவுங்கள். நேராகப் பட்டையில் தடவக் கூடாது. தொட்டிச் செடி என்றால் தண்ணீர் ஊற்றிய தட்டில் செங்கல் வைத்து அதன்மேல் தொட்டியை வைத்தால் போதும்.

அடுத்தது தண்ணீர். காலையில் குழாயைப் பிடித்து, கொழுந்தின் அடிப்பக்கம் படும்படி வேகமாக அடியுங்கள். விழுந்த அசுவினிகளில் பெரும்பாலானவை திரும்பி ஏறுவதில்லை. இரண்டு மூன்று நாள் விட்டுத் திரும்பச் செய்யுங்கள். அப்படியும் அடங்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல். வெயில் தாழ்ந்த பிறகு அடிக்க வேண்டும். முதல் நாள் நாலு இலையில் மட்டும் அடித்துப் பாருங்கள். கருகவில்லை என்றால் செடி முழுக்க அடிக்கலாம். மேல்படாத பூச்சி சாகாது, அதனால் இலையின் அடிப்பக்கம் நனைந்தே ஆக வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை.

கடையில் கேட்டால் பல இடங்களில் இமிடாகுளோபிரிட் எடுத்துக் கொடுப்பார்கள். அசுவினி சாகும்தான். ஆனால் அது செடிக்குள் ஊடுருவி, பூவின் தேன் வரைக்கும் போகும் மருந்து. தேனீயும் தேன்சிட்டும் வரும் செடி, இலையை அரைத்துத் தலைக்குத் தேய்க்கிறோம், சில வீடுகளில் இதழை மென்றும் சாப்பிடுகிறார்கள். வீட்டுச் செம்பருத்திக்கு அதை நான் பரிந்துரைப்பதே இல்லை.

அரளியின் நுனியில் பளீரென்ற மஞ்சள் அசுவினி வந்தால் பதற வேண்டாம். அரளியின் நஞ்சை உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்வதால் சில இரைவிழுங்கிகள் அதை ஒதுக்கிவிடும், கூட்டம் நீண்ட நாள் நிற்கும். வளர்ந்த அரளிக்கு அது பெரிய சேதமில்லை. கையுறை போட்டு நுனியை வெட்டிப் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள்.

திரும்பத் திரும்ப அசுவினி வரும் வீட்டில் நான் முதலில் கேட்பது, யூரியா போட்டீர்களா என்று. தழைச்சத்து கூடினால் கொழுந்து இளசாகத் தள்ளும், அசுவினிக்குக் கொண்டாட்டம். உரத்தைக் குறைத்து, மட்கிய தொழுவுரம் போடுங்கள். பக்கத்தில் வெண்டை இருந்தால் அதன் இலையையும் பாருங்கள். செம்பருத்தியும் வெண்டையும் ஒரே குடும்பம், ஒரே அசுவினி இரண்டிலும் ஏறும். நர்சரியில் வாங்கிய புதுச் செடியை இரண்டு வாரம் தனியே வைத்துப் பார்த்துவிட்டு மற்றவற்றோடு சேருங்கள்.