ஒரு நிமிடத்தில் வெளுக்கும் செல்கள்

மண்டபம் அருகே ஒரு கடற்கரைக் கிராமத்திலிருந்து, கல்லூரியில் முதலாண்டு படிக்கும் மாணவி ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு வயது 41. கடற்பாசி எடுக்கப் போகிறவர். கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து மூன்று முறை கூப்பிட்டும் போகவில்லையாம். "எனக்குத்தான் ஒன்றும் இல்லையே, பிறகு எதற்குப் போய்க் காட்ட வேண்டும்?" என்கிறாராம். மகளுடைய கேள்வி வேறு. "வினிகரைத் தடவிப் பார்ப்போம் என்று செவிலியர் அக்கா சொன்னார். ஊறுகாயில் ஊற்றுகிற வினிகரால் புற்றுநோயைக் கண்டுபிடிக்க முடியுமா? அம்மா கேட்டுவிட்டுச் சிரிக்கிறார்." கடிதம் முடிந்து, கொஞ்சம் இடம் விட்டு, இன்னும் ஒரு வரி: "சேலையை அவிழ்க்கச் சொல்வார்களா என்று அம்மா கேட்கிறார்."

அந்தக் கடைசி வரியைத்தான் நான் பல முறை படித்தேன். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இந்தியாவில் ஆண்டுதோறும் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் புதிதாக வருகிறது. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறக்கிறார்கள். 2019–21 இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 30 முதல் 49 வயது வரையிலான பெண்களில் வாழ்நாளில் ஒரு தடவையாவது இந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் நாட்டில் 100க்கு 2 பேர்கூட இல்லை. தமிழ்நாட்டில் 10 பேர் அளவுக்கு இருக்கிறார்கள். மற்ற மாநிலங்களைவிட இது மிகவும் மேல் என்பது உண்மைதான். ஆனாலும் மீதி 90 பேர் அந்த அம்மாவைப் போல வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள்.

முதலில் அம்மாவின் கேள்வி. தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனையில் நின்று பார்த்தவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. ஒரு பக்கம் பெண்கடல் என்று சொல்லும் வங்கக் கடல், மறு பக்கம் ஆண்கடல் என்று சொல்லும் மன்னார் வளைகுடா. இரண்டும் சந்திக்கும் மணல்முனை ஒரே இடத்தில் நிற்பதில்லை. காற்றும் நீரோட்டமும் மாறமாற அதுவும் நகர்ந்துகொண்டிருக்கும். கருப்பையின் வாயிலும் இப்படி ஓர் எல்லை உண்டு. உட்பக்கத்தில் ஒரே வரிசையாக நிற்கும் உயரமான செல்கள். வெளிப்பக்கத்தில் பாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோலத் தட்டையான செல்கள். பருவமடையும்போதும் பிள்ளை பெறும்போதும் உட்புறச் செல்கள் வெளியே எட்டிப் பார்க்கும். பெண்ணுறுப்பின் இயல்பான அமிலத்தன்மை பட்டு அவை மெல்லமெல்லத் தட்டைச் செல்களாக மாறும். மாற்றம் நடந்துகொண்டே இருக்கும் இந்த ஓரம்தான் ஹெச்.பி.வி. (ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்) குடியேற வசதியான இடம். புற்றுநோய் பெரும்பாலும் தொடங்குவதும் இங்கேதான்.

ஹெச்.பி.வி. மிகச் சாதாரணமான வைரஸ். மணவாழ்வில் இருக்கும் ஆண், பெண் பெரும்பாலோருக்கு எப்போதாவது ஒரு முறை தொற்றும். ஓரிரு ஆண்டுகளில் உடலே அதை விரட்டிவிடும். சிலரிடம் மட்டும் தங்கிவிடுகிறது. தங்கிய வைரஸ், செல் தாறுமாறாகப் பெருகாமல் காவல் காக்கும் இரண்டு முக்கியமான புரதங்களை முடக்குகிறது. பல வகை ஹெச்.பி.வி.களில் 16, 18 ஆகிய இரண்டு எண்களுக்கு உரியவை மட்டுமே சுமார் 70 சதவீதம் புற்றுக்குக் காரணம். இந்த உறவைக் கண்டறிந்த ஜெர்மன் விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008 இல் நோபல் பரிசு கிடைத்தது. செல் பாதை தவறத் தொடங்குவதிலிருந்து முழுப் புற்றாக மாறுவதற்குப் பெரும்பாலும் 10 முதல் 20 ஆண்டுகள் ஆகும். அத்தனை ஆண்டுகளிலும் வலி இருக்காது, ரத்தப்போக்கு இருக்காது, ஒரு தொந்தரவும் இருக்காது. "எனக்கு ஒன்றும் இல்லை" என்று அந்த அம்மா சொல்வது முழு உண்மையாகவே இருக்கலாம். ஒன்றும் இல்லாத அந்தக் காலத்துக்காகத்தான் இந்தப் பரிசோதனையே. தொந்தரவு வந்த பிறகு செய்வதற்கு வேறு பரிசோதனைகள் இருக்கின்றன.

இனி வினிகர். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

இராமநாதபுரம் கடற்கரையில் பிறந்தவர்களுக்குப் பச்சை இறாலின் நிறம் தெரியும். தோலை உரித்தால் கண்ணாடிபோல் இருக்கும். கையில் வைத்தால் அடியில் இருக்கும் ரேகை மங்கலாகத் தெரியும். அதன்மேல் எலுமிச்சையைப் பிழிந்து கொஞ்ச நேரம் வைத்துவிட்டுப் பாருங்கள். அடுப்பு பற்றவைக்காமலே ஓரங்கள் வெளுத்திருக்கும். அமிலம் பட்டதும் சதையில் இருக்கும் புரதங்கள் சுருண்டு ஒன்றோடொன்று திரள்கின்றன. முன்பு ஒளியை உள்ளே விட்ட சதை, இப்போது அதை நாலாபக்கமும் சிதறடித்துத் திருப்பி அனுப்புகிறது. எல்லா நிறங்களும் சேர்ந்து திரும்பி வந்தால் கண்ணுக்கு வெள்ளை.

கருப்பை வாயிலும் இதற்கு நெருக்கமான ஒன்றுதான் நடக்கிறது. ஆனால் அங்கே எல்லாச் செல்லும் ஒரே அளவில் வெளுப்பதில்லை என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. நல்ல நிலையில் இருக்கும் மேல்மட்டத் தட்டைச் செல்லில் உட்கரு ஒரு சிறு புள்ளிதான். மற்ற இடமெல்லாம் கிளைக்கோஜன் என்னும் சர்க்கரைச் சேமிப்பு. அமிலம் பட்டாலும் திரள்வதற்கு அங்கே புரதம் அதிகமில்லை. செவிலியர் காட்டும் விளக்கின் ஒளி அடுக்குகளைக் கடந்து, அடியில் ஓடும் ரத்த நாளங்களைத் தொட்டு, அந்தச் சிவப்பை வாங்கிக்கொண்டு திரும்புகிறது. அதனால் அந்த இடம் முன்போலவே இளஞ்சிவப்பாகத் தெரிகிறது.

பாதை தவறிய செல்லில் உட்கரு பெருத்திருக்கும். கிளைக்கோஜன் குறைந்து புரதம் கூடியிருக்கும். செல்களும் நெருக்கியடித்து நிற்கும். 3 முதல் 5 சதவீதம் அசிட்டிக் அமிலத்தில் நனைத்த பஞ்சை அங்கே ஒற்றினால், அமிலம் செல்லின் நீரை வெளியே இழுக்கிறது. உட்கருவின் புரதங்கள் திரள்கின்றன. ஒளி இனி ரத்த நாளம் வரை போக முடியாது. பாதி வழியிலேயே திரும்பி வந்துவிடுகிறது. ஒரு மணித்துளிக்கு முன்பு சுற்றுப்புறத்திலிருந்து பிரித்தறிய முடியாமல் இருந்த திட்டு, சுண்ணாம்பு தொட்டு வைத்ததுபோல் தனியாகத் தெரிகிறது. சமையலறை வினிகரிலும் ஏறத்தாழ இதே அளவு அமிலம்தான் இருக்கிறது. ஆகவே அந்த மாணவியின் அம்மா சிரித்த சிரிப்பில் தவறே இல்லை.

பஞ்சை ஒற்றியதும் செவிலியர் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் காத்திருப்பார். அமிலம் அடுக்குகளுக்குள் இறங்க அவ்வளவு நேரம் வேண்டும். பிறகு அவர் பார்ப்பது வெள்ளை இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் அன்று. இயல்பாக மாறிக்கொண்டிருக்கும் செல்களும் லேசாக வெளுக்கும். அந்த வெளுப்பு பனிபோல் மெல்லியது, ஓரம் கலைந்திருக்கும், சீக்கிரம் மறைந்துவிடும். கெட்ட திட்டின் வெள்ளை அடர்த்தியானது. ஓரம் கோடு போட்டதுபோல் இருக்கும். நான் சொன்ன அந்த எல்லைக்கோட்டை ஒட்டியே நிற்கும். சில நிமிடங்கள் போகாமல் இருக்கும். அமிலத்தை உடல் சமன்செய்ததும் புரதங்கள் பிரிந்து எல்லாம் பழைய நிறத்துக்குத் திரும்பிவிடும். இறால் திரும்பாது, செல் திரும்பும். எந்தக் காயமும் இல்லாமல் ஒரு நோயின் தொடக்கம் சில நிமிடங்கள் கண்ணுக்குத் தெரிந்துவிட்டு மறைகிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு தீர்வதில்லை.

சில இடங்களில் அடுத்து அயோடினும் தடவுவார்கள். பள்ளியில் சோற்றுக் கஞ்சியில் அயோடின் விட்டு நீலம் பார்த்திருப்பீர்கள். மாவுச்சத்தின் நீண்ட சுருள்களுக்குள் அயோடின் போய் உட்காரும்போது வரும் நிறம் அது. கிளைக்கோஜனுக்குக் கிளைகள் மிகுதி, சுருள்கள் குட்டையானவை. அதனால் நீலத்துக்குப் பதில் பழுப்பு. கிளைக்கோஜன் நிறைந்த நல்ல செல்கள் பழுப்பாகும். அதை இழந்த செல்கள் மஞ்சளாகவே நிற்கும். இந்த அயோடின் 1811 இல் முதன்முதலாகக் கிடைத்தது பிரான்சில், கடற்பாசிச் சாம்பலிலிருந்து. விரல்களில் துணி சுற்றி, இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கிப் பாசி பறிக்கும் பெண்களுக்கு இதை யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று தெரியவில்லை. சொல்ல வேண்டும்.

வினிகர் சோதனை ஏழை நாட்டுக்கான ஒப்புக்குச் செய்கிற வேலையோ என்று சந்தேகப்படுகிறவர்களுக்குத் திண்டுக்கல்லைச் சொல்வேன். அந்த மாவட்டத்தில் 2000 இல் தொடங்கிய பெரிய ஆய்வில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு ஒரே ஒரு முறை இந்தச் சோதனையைச் செய்தார்கள். சோதனை நடந்த ஊர்களில், நடக்காத ஊர்களைவிடப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் நேர்ந்த இறப்பு 35 சதவீதமும் குறைந்தன. 2007 இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான இந்த முடிவை உலகமே எடுத்துப் படித்தது. பெரிய கருவி எதுவும் இல்லை. நல்ல விளக்கு, வினிகர், பஞ்சு, பயிற்சி பெற்ற கண்கள்.

சோதனைக்கு வரம்புகளும் உண்டு. பார்ப்பவரின் பயிற்சியைப் பொறுத்தது அது. புண்ணோ அழற்சியோ இருந்தாலும் வெளுக்கலாம். திண்டுக்கல்லில் சோதித்தவர்களில் பத்தில் ஒருவருக்கு வெள்ளை தெரிந்தது, அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இல்லை. மாதவிடாய் நின்ற பிறகு அந்த எல்லைக்கோடு உள்ளே நகர்ந்துவிடுவதால் கண்ணுக்கு எட்டாமல் போகலாம். ஆகவே 30களிலும் 40களிலும் செய்வது நல்லது. கெட்ட திட்டு என்று உறுதியானால் அந்த இடத்தை மட்டும் உறையவைத்தோ சூடாக்கியோ அழித்துவிடலாம். கருப்பையை எடுக்க வேண்டிய தேவை பெரும்பாலும் வராது.

இத்தனை எளிமையான சோதனைக்கு ஏன் போகமாட்டேன் என்கிறார்கள்? அறியாமை என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது.

என் பெரியம்மா ஒரு முறை முகாமுக்குப் போனார். அறையின் சன்னலுக்குத் திரை இல்லை. ஒரு பழைய சேலையைக் கட்டியிருந்தார்கள், காற்றில் அது விலகி விலகிப் பறந்தது. வெளியே பெஞ்சில் ஊர்க்காரர்கள். உள்ளேயிருந்து பெயரையும் வயதையும் எத்தனை பிள்ளை என்பதையும் சத்தமாகக் கேட்டார்கள். பெரியம்மா எழுந்து வந்துவிட்டார். ஆறு ஆண்டுகள் கழித்து, மாதவிடாய் நின்று வெகுகாலமான பிறகு, ரத்தம் பட ஆரம்பித்தது. ஓராண்டுக்கு மேல் யாரிடமும் சொல்லவில்லை. கறைபட்ட துணியைக் கொல்லைக் கிணற்றடியில் விடிவதற்கு முன்பே துவைத்துக் காயவைத்துவிடுவார். எங்களுக்குத் தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. அன்று அவர் எழுந்து வந்தது அறியாமையால் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். மானத்தோடு வாழ்ந்த ஒரு பெண் செய்யக்கூடியதைத்தான் அவர் செய்தார். அந்த அறைக்கு ஒரு நல்ல திரை இருந்திருந்தால் அவர் உட்கார்ந்திருப்பார்.

இராமநாதபுரம் மாவட்டம் வலமாவூரில் 127 கோடி ரூபாயில் கடற்பாசிப் பூங்கா வருகிறது. வரட்டும்; பாசிக்குச் செலவு செய்வது நல்லதுதான். பாசி எடுக்கும் கைகளுக்கு உரியவர்களின் உடலுக்கும் அதில் ஒரு துளி போகட்டும் என்கிறேன். தாழ்ப்பாள் உள்ள கதவு, கனமான திரை, ஒரு பெண் செவிலியர், தாழ்ந்த குரல். முகாம் தேதியை அலுவலக நாள்காட்டி பார்த்து வைக்காமல், நீர்வாட்டம் பார்த்து, கடலுக்குப் போகாத நாளில் வைத்தால் அன்றைய கூலியும் போகாது.

இன்னொரு பயம் வெளியே சொல்லப்படாதது. இது உறவின் வழியே தொற்றும் வைரஸ் என்று கேள்விப்பட்டதும், முடிவு தவறாக வந்தால் வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று பெண்கள் அஞ்சுகிறார்கள். வைரஸ் பல ஆண்டுகள் அடங்கிக் கிடக்கக்கூடியது. எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தச் சோதனையாலும் சொல்ல முடியாது. அது யாருடைய நடத்தைக்கும் சான்று ஆகாது. கணவர்கள் இந்தப் பத்தியைப் படிக்க வேண்டும். நோயின் பெயரைச் சொன்னாலே அது வந்துவிடும் என்று "அந்த வியாதி" என்று மட்டும் சொல்கிற வழக்கமும் நம் ஊர்களில் இருக்கிறது. பெயர் சொல்லாததால் எந்த வைரஸும் விலகிப் போனதில்லை. பேசாததால் பெரியம்மா போனார்.

யாரிடமும் காட்டவே முடியாது என்பவர்களுக்கும் வழி பிறந்திருக்கிறது. மெல்லிய பஞ்சுக்குச்சியால் தாமே, மூடிய அறையில், மாதிரி எடுத்துக் கொடுத்தால் போதும்; ஆய்வகத்தில் வைரஸின் டி.என்.ஏ.யைப் பெருக்கிப் பார்ப்பார்கள். இந்தச் சோதனைக்கு வினிகரைவிடக் கூர்மை அதிகம். தாமே எடுத்த மாதிரியும் செவிலியர் எடுத்ததற்கு ஏறத்தாழ ஈடாகவே வேலை செய்கிறது. எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் இது இன்னும் வந்துசேரவில்லை. வரும்வரை வினிகர் இருக்கிறது.

கடைசி வரிக்கு வருகிறேன். இல்லை, சேலையை அவிழ்க்க வேண்டியதில்லை. உள்ளாடையை மட்டும் நீக்கிவிட்டுப் படுத்து, சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டால் போதும்; மேலே ஒரு துணியும் போர்த்தச் சொல்லிக் கேட்கலாம். வாத்தின் அலகைப் போன்ற கருவி ஒன்றை வைப்பார்கள். கொஞ்சம் அழுத்தும், மூச்சை மெதுவாக விட்டால் தசை தளரும். வெட்டு இல்லை, ஊசி இல்லை. வினிகர் பட்டால் லேசாகக் காந்தலாம். மாதவிடாய் நாட்களில் மட்டும் போக வேண்டாம். பெண் செவிலியர்தான் வேண்டும் என்று முதலிலேயே சொல்லலாம், பிடிக்கவில்லை என்றால் நடுவில் நிறுத்தச் சொல்லலாம், துணைக்கு ஒருவரை உள்ளே வைத்துக்கொள்ளலாம். முடிந்ததும் என்ன தெரிந்தது என்று அங்கேயே கேட்டுக்கொண்டு வரலாம். நீங்களும் அம்மாவோடு போங்கள். கடிகாரத்தைப் பார்க்கும் வேலையை உங்களிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.