கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் ட்ரெயில் ஓட்டம்: ஏற்றத்தைவிட இறக்கத்தைப் பாருங்கள்

பெண்கள் நலப் பிசியோதெரபிஸ்டாக இருக்கும் என்னிடம் வருகிற ஓட்டக்காரப் பெண்கள் பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: "கர்ப்பமா இருக்கேன், பதிவு பண்ணி வச்ச ட்ரெயில் ரேஸை ஓடலாமா, வேண்டாமா?" ட்ரெயில் ரேஸ் என்றால் தார்ச்சாலையை விட்டுக் காட்டிலும் மலையிலும் உள்ள மண்பாதைகளில் ஓடும் பந்தயம். நான் திருப்பிச் சில கேள்விகள் கேட்பேன். அந்தப் பாதையில் இறக்கம் எவ்வளவு? நடுவில் எங்கே வேண்டுமானாலும் நின்றுவிட முடியுமா? நின்றால் அங்கிருந்து எப்படிக் கீழே வருவீர்கள்? ஓடுவதைப் பற்றி எனக்குப் பெரிய கவலை கிடையாது. இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரியாமல் மலை ஏறப் போகிறவர்களைப் பற்றித்தான் கவலை.

ஓட்டத்தைப் பற்றிய பயம் பழையது. 1985-இல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் அமைப்பு வெளியிட்ட வழிகாட்டுதலில், கர்ப்பிணியின் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 140-ஐத் தாண்டக் கூடாது, கடுமையான உடற்பயிற்சி 15 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது என்று இருந்தது. 1994-இல் அவர்களே அந்த வரம்பைக் கைவிட்டுவிட்டார்கள், ஆனாலும் அந்த 140 இன்னும் வாய்வழியாகப் பரவிக்கொண்டுதான் இருக்கிறது. கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவே 40 முதல் 50 சதவீதம் கூடுகிறது, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே துடிப்பு 10, 20 அதிகமாக இருக்கும், அதனால் கைக்கடிகாரம் காட்டும் எண்ணை மட்டும் நம்பி ஓடுவதில் அர்த்தமில்லை. ஓடிக்கொண்டே முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள், அதுதான் நல்ல அளவு. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னதும் இதற்கு ஒத்துப்போகிறது: தடை எதுவும் இல்லாத கர்ப்பிணிகள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு செய்ய வேண்டும், முன்பே கடுமையாகப் பயிற்சி செய்துவந்தவர்கள் அதைத் தொடரலாம்.

தடை என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். நஞ்சுக்கொடி கருப்பை வாயை மறைத்திருப்பது, கருப்பை வாய் பலவீனம், காரணம் தெரியாத ரத்தப்போக்கு, பனிக்குடம் உடைதல், ப்ரீ-எக்லாம்ப்சியா (கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் கூடி மற்ற உறுப்புகளையும் பாதிக்கும் நிலை), கட்டுப்பாட்டில் இல்லாத ரத்த அழுத்தம், குழந்தையின் வளர்ச்சி குறைவாக இருப்பது, வயிற்றில் மூன்று குழந்தைகள். இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் பந்தயப் பேச்சே வேண்டாம். எதுவும் இல்லை என்று உங்கள் மகப்பேறு மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் மற்றதெல்லாம்.

சரி, தார்ச்சாலையில் ஓடுகிற கர்ப்பிணிக்கும் மலைப்பாதையில் ஓடுகிறவருக்கும் என்ன வித்தியாசம்? முதலில் விழுவது. மாதம் ஏற ஏற உடலின் எடைமையம் முன்னே நகர்கிறது, மூட்டுகளைப் பிடித்திருக்கும் தசைநார்கள் தளர்கின்றன, ஒரு கட்டத்துக்கு மேல் குனிந்து பார்த்தால் வயிறுதான் தெரியும், கால் வைக்கப்போகும் கல் தெரியாது. வீட்டிலும் தெருவிலும் நடக்கும்போதே கர்ப்பிணிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் ஒரு தடவையாவது விழுகிறார். வேர்களும் சரளைக்கல்லும் ஈரப்பாறையும் நிறைந்த பாதையில் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

வயிறு அடிபடும்படி விழுந்தால் நாங்கள் பயப்படுவது நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரிலிருந்து பிரிந்துவிடுமோ என்றுதான். விழுந்த உடனே எதுவும் தெரியாமல் போகலாம். எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு, முட்டியில் சிராய்ப்பு மட்டும்தான் என்று தொடர்ந்து ஓடத் தோன்றும். ஆனால் 20 வாரத்தைத் தாண்டியவர் என்றால் வலி இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே குழந்தையின் இதயத்துடிப்பையும் கருப்பைச் சுருக்கங்களையும் குறைந்தது 4 மணி நேரம் கண்காணிப்பது வழக்கம். உங்கள் ரத்தம் நெகட்டிவ் வகை என்றால் ஆன்டி-டி ஊசி (குழந்தையின் ரத்தத்துக்கு எதிராகத் தாயின் உடல் எதிர்ப்பொருள் உண்டாக்காமல் தடுக்கும் ஊசி) தேவையா என்று 72 மணி நேரத்துக்குள் முடிவெடுத்தாக வேண்டும். தன் ரத்த வகை நெகட்டிவ் என்று தெரிந்தவர்களுக்குக்கூட விழுந்தால் ஊசி போட வேண்டியிருக்கும் என்பது தெரிவதில்லை. பிப்பின் (மார்பில் குத்திக்கொள்ளும் பந்தய எண் அட்டையின்) பின்பக்கம் ரத்த வகையையும் கர்ப்ப வாரத்தையும் எழுதிவையுங்கள், கூட ஓடுகிறவரிடமும் சொல்லிவையுங்கள்.

அடுத்தது இறக்கம். ஏறும்போது மூச்சு வாங்கும், உடம்பே நடக்கச் சொல்லும், நாமும் நடந்துவிடுவோம். இறங்கும்போது மூச்சு வாங்காது, சுலபமாக இருப்பதுபோலத் தெரியும், அங்கேதான் உடம்பு அதிக விலை கொடுக்கிறது. 9 டிகிரி சரிவில் ஓடி இறங்கும்போது பாதம் தரையில் மோதும் விசையின் உச்சம் சமதளத்தைவிட 54 சதவீதம் கூடுதலாக இருந்ததை ஓர் ஆய்வகத்தில் அளந்திருக்கிறார்கள். அந்த அதிர்வு மூட்டுகளோடு நிற்பதில்லை. கருப்பையையும் சிறுநீர்ப்பையையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகள், கட்டிய தூளியைப் போல, ஒவ்வொரு அடிக்கும் தொய்ந்து மறுபடி மேலே வர வேண்டியிருக்கிறது. அதனால் என் ஆலோசனை எப்போதும் இதுதான்: நான்காம் மாதத்திலிருந்து இறக்கங்களில் ஓடாதீர்கள், இரண்டு கையிலும் ட்ரெக்கிங் கோல் வைத்துக்கொண்டு நடந்து இறங்குங்கள். சமதளத்தில் ஓடுங்கள், ஏற்றத்தில் நடங்கள். நேரம் போகும். போகட்டும்.

நேரம் போவது பிரச்சினையாவது கட்-ஆஃப் இருக்கும் பந்தயங்களில்தான், அதாவது வழியிலுள்ள ஒவ்வொரு செக்பாயின்ட்டையும் (ஓடுகிறவர்களைச் சரிபார்க்கும் இடம்) குறித்த நேரத்துக்குள் தாண்டியாக வேண்டிய பந்தயங்களில். பயிற்சி ஓட்டத்தில் இடுப்பு எலும்பு வலித்தால் நீங்கள் திரும்பிவிடுவீர்கள். அதே வலி பந்தயத்தில் வந்தால், அடுத்த செக்பாயின்ட் மூடுவதற்குள் போய்விட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுவீர்கள், ஏனென்றால் பல மாதமாகத் தயாரானது, நண்பர்கள் கீழே காத்திருக்கிறார்கள். அந்த அவசரத்தில்தான் தண்ணீர் குடிக்க மறப்பதும் வழுக்குப் பாறையில் கால் வைப்பதும் நடக்கிறது. கர்ப்பத்தில் ஒரு பந்தயம் ஓடியே ஆக வேண்டும் என்றால் ஒரே சுற்றைத் திரும்பத் திரும்ப ஓடுவது மாதிரியான பாதை, தாராளமான கட்-ஆஃப், ஒவ்வொரு சுற்றிலும் வாகனம் நிற்கும் இடத்தைத் தொட்டுப்போகும் அமைப்பு, இப்படி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மலை உச்சிக்கு ஏறிப் பின்பக்கமாக இறங்கும் பந்தயம் அடுத்த வருடமும் நடக்கும்.

வெயிலில் உடலின் உள்வெப்பம் 39 டிகிரி செல்சியஸைத் தொடும் அளவுக்கு ஓடக் கூடாது, அதுவும் முதல் மூன்று மாதத்தில். சமவெளியில் வசிப்பவர்கள் 2,500 மீட்டர் உயரத்துக்கு மேல் போய் ஓட வேண்டாம். அப்புறம் மாத்திரை. நீண்ட தூரம் ஓடுகிறவர்களின் பையில் ஐபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரை இல்லாமல் இருப்பது அபூர்வம், முட்டி வலித்தால் கேட்காமலே ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வார்கள். கர்ப்பத்தில் அதைத் தானாக எடுக்கவே கூடாது. 20 வாரத்துக்குப் பிறகு அது குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைத்துவிடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல் எச்சரித்திருக்கிறது. இன்றைக்கே பையிலிருந்து எடுத்து வெளியே வைத்துவிடுங்கள்.

ரத்தக்கசிவு, நீர் கசிவது, விட்டுவிட்டு ஒழுங்காக வரும் வயிற்று இறுக்கம், ஓடத் தொடங்கும் முன்பே மூச்சுத்திணறல், தலைசுற்றல், விடாத தலைவலி, நெஞ்சுவலி, ஒரு கெண்டைக்காலில் மட்டும் வலியோ வீக்கமோ. இதில் எது வந்தாலும் பந்தயம் அங்கேயே முடிந்தது. செக்பாயின்ட் வரை இழுத்துக்கொண்டு போகாமல் நின்ற இடத்திலிருந்தே போன் செய்யுங்கள்.

இனி பிரசவத்துக்குப் பிறகு. இங்கேதான் மற்றவர்களின் கதைகள் நம்மை அவசரப்படுத்துகின்றன. பிரிட்டிஷ் மலை ஓட்டக்காரர் ஜாஸ்மின் பாரிஸ் 2019 ஜனவரியில் பிரிட்டனின் ஸ்பைன் ரேஸ் என்ற 268 மைல் ட்ரெயில் பந்தயத்தில் ஆண்களையும் சேர்த்து முதலாவதாக வந்தார், வழியில் செக்பாயின்ட்களில் பால் பீய்ச்சிக்கொண்டே. எல்லோரும் பகிர்ந்த செய்தி அது; அப்போது அவர் குழந்தைக்கு ஒரு வயது தாண்டியிருந்தது என்பதை யாரும் கவனிப்பதில்லை. பிரிட்டிஷ் மாரத்தான் வீராங்கனை பாலா ராட்க்ளிஃப் 2007 ஜனவரியில் குழந்தை பெற்று நவம்பரில் நியூயார்க் மாரத்தானை வென்றார் என்பது தெரியும், நடுவில் சீக்கிரம் பயிற்சிக்குத் திரும்பியதில் இடுப்பின் பின்பக்க எலும்பில் விரிசல் விழுந்து அவர் முடங்கியது தெரியாது. பிரிட்டிஷ் ஓட்டக்காரர் சோஃபி பவர் 2018-இல் மோன் பிளாங் மலையைச் சுற்றும் யுடிஎம்பி பந்தயத்தின் நடுவே மூன்று மாதக் குழந்தைக்குப் பாலூட்டும் படம் உலகம் சுற்றியது. அது என் மனதுக்கும் நெருக்கமான படம்தான். ஆனால் காயம்பட்டவர்களுக்கு அடுத்த வருடம் இடம் கொடுத்த அந்தப் பந்தயம், முதல் கர்ப்பத்தின்போது அவருக்கு அதைக் கொடுக்க மறுத்தது, அதனால்தான் இந்தத் தடவை கிடைத்த இடத்தை அவரால் விட முடியவில்லை. அந்த விதி பிறகு மாறியது. நீங்கள் பதிவு செய்யும் முன் கர்ப்பத்துக்காக இடத்தைத் தள்ளிவைக்க அனுமதிக்கிறார்களா என்று எழுதிக் கேளுங்கள், இல்லை என்றால் ஏன் இல்லை என்றும் கேளுங்கள். கேட்கிறவர்கள் கூடினால்தான் விதி மாறும்.

ஆறாவது வாரப் பரிசோதனையில் "எல்லாம் சரியாயிடுச்சு" என்று மருத்துவர் சொன்னால் பலர் அதை ஓடுவதற்கான பச்சைக்கொடியாக எடுத்துக்கொள்கிறார்கள். தையல் ஆறியிருக்கிறது, கருப்பை சுருங்கியிருக்கிறது என்பதுதான் அதன் பொருள். சிசேரியன் என்றால் வயிற்றுத் தசையுறை ஆறு வாரத்தில் பழைய வலுவில் பாதியைச் சற்றுத் தாண்டியிருக்கும், அவ்வளவுதான்; முக்கால் பங்கோ அதற்கு மேலோ திரும்ப ஆறு, ஏழு மாதம் ஆகும். சுகப்பிரசவத்தில் விரிந்த இடுப்புத்தளத் தசைகளும் மீண்டுவர ஆறு மாதம் வரை எடுத்துக்கொள்கின்றன. 2019-இல் பிரிட்டனைச் சேர்ந்த பிசியோதெரபிஸ்டுகள் வெளியிட்ட வழிகாட்டுதல் ஓட்டத்துக்குக் குறைந்தது 12 வாரம் பொறுக்கச் சொல்கிறது, அதுவும் சில சோதனைகளில் தேறினால்: 30 நிமிட நடை, ஒற்றைக்காலில் 10 விநாடி நிற்பது, ஒற்றைக்காலில் 10 தடவை உட்கார்ந்தெழுவது, நின்ற இடத்தில் ஒரு நிமிடம் ஓடுவது, ஒவ்வொரு காலிலும் 10 தடவை குதிப்பது. வலியோ, சிறுநீர்க் கசிவோ, கீழே ஏதோ கனமாக இறங்குவது போன்ற உணர்வோ இல்லாமல் இதையெல்லாம் செய்ய முடிய வேண்டும். சமதள ஓட்டத்துக்கே இவ்வளவு. ட்ரெயிலுக்கு நான் இன்னொன்றையும் சேர்த்துப் பார்ப்பேன்.

பிரசவமாகிச் சில மாதம் ஆன ஒரு பெண், இந்தச் சோதனைகள் எல்லாம் தேறியவர், சமதளத்தில் பத்து கிலோமீட்டர் நிம்மதியாக ஓடுகிறவர், "டாக்டர், இறங்கும்போது மட்டும் லீக் ஆகுது" என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். ஒரு படி உயரப் பலகையில் ஏற்றி, ஒற்றைக்காலில் மெதுவாக முன்பக்கம் இறங்கச் சொன்னேன். முதல் இரண்டு தடவை ஒன்றும் தெரியவில்லை. பிறகு பக்கவாட்டில் நின்று கவனித்தபோது தெரிந்தது, கால் தரையைத் தொடும் அந்தக் கணத்தில் மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார், முட்டி உள்பக்கம் சாய்கிறது. பிடித்த மூச்சின் அழுத்தம் முழுவதும் கீழேதான் இறங்கும். கால் பதியும்போது மூச்சை விடவும், அடியைப் பாதியாகக் குறைக்கவும், இடுப்பின் பக்கவாட்டுத் தசைகளை வலுப்படுத்தவும் பழகினார். பல வாரம் பிடித்தது, ஆனால் கசிவு நின்றது. பிரசவமான பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் கசிவு வருகிறது, "குழந்தை பெத்தா அப்படித்தான்" என்று சொல்லிச் சொல்லியே பாதிப் பேர் நாப்கின் வைத்துக்கொண்டு ஓடுகிறார்கள். தயவுசெய்து அதைச் சகித்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் சரிசெய்யக்கூடியது அது.

பாலூட்டுகிறவர்களுக்குக் கூடுதலாக ஒரு விஷயம். பாலூட்டும் மாதங்களில் எலும்பின் அடர்த்தி 3 முதல் 5 சதவீதம் வரை தற்காலிகமாகக் குறைகிறது, பிறகு திரும்பிவிடும். அதோடு தூக்கமின்மையும், பிரசவத்தில் இழந்த ரத்தமும், எடை குறைய வேண்டும் என்று சாப்பாட்டைக் குறைப்பதும் சேர்ந்தால் எலும்பில் விரிசல் விழ நேரம் பார்த்துக்கொண்டிருக்கும். எடை குறைக்க ஓடாதீர்கள், ஓடுவதற்காகச் சாப்பிடுங்கள், ஹீமோகுளோபினையும் பார்த்துவிடுங்கள். ஓடினால் பால் கெட்டுவிடும் என்பது உண்மையில்லை. ஆனால் நீண்ட பந்தயத்தில் பீய்ச்சாமல் விட்டால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வரை போகும், அதனால் பம்ப்பை எந்தச் செக்பாயின்ட்டில் வைக்கலாம், மறைவான இடம் இருக்கிறதா என்று அமைப்பாளர்களிடம் முன்கூட்டியே பேசிவையுங்கள். ஷூவையும் ஒரு தடவை அளந்து வாங்குங்கள். கர்ப்பத்தில் தட்டையாகி நீண்ட பாதம் பலருக்குப் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை, பழைய ஷூவில் இறங்கினால் நகம் கருத்துப்போகும்.

முதல் பந்தயத்தை முடித்த அன்று உற்சாகத்தில் எதுவும் தெரியாது. மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் கவனியுங்கள்: மாலையில் கீழே பாரமாக இருக்கிறதா, கசிவு கூடியிருக்கிறதா, நின்றுபோன ரத்தப்போக்கு திரும்ப வருகிறதா, சிசேரியன் தழும்பு இழுக்கிறதா. ஏதாவது இருந்தால் தூரத்தையும் இறக்கத்தின் மீட்டர் கணக்கையும் குறித்துக்கொண்டு ஒரு இடுப்புத்தளப் பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். எதுவும் இல்லை என்றால் அடுத்த தடவை தூரத்தைக் கூட்டுங்கள், இறக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு; இரண்டையும் ஒரே வாரத்தில் கூட்ட வேண்டாம்.