வீட்டில் பேணல்

முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்கள் குடியிருக்கும் வீட்டிலேயே குளிக்கவும் உடுத்தவும் உண்ணவும் பொதுநிதியிலிருந்து துணையாள் அமர்த்தித் தரும் ஏற்பாட்டை ஆங்கிலத்தில் 'ஹோம் கேர்' என்பர். அதை 'இல்லப் பராமரிப்பு' என்று எழுதும் வழக்கம் இன்று அறிக்கைதோறும் பரவிவிட்டது.

'பராமரிப்பு' வடமொழிப் 'பராமர்ச'த்தின் வழி வந்தது. ஆராய்தல் என்ற பொருள் தமிழில் கவனித்துக் காத்தல் என்று விரிந்தது. சாலைக்கும் இயந்திரத்துக்கும் அச்சொல்லே வழங்குவது எனக்கு உவப்பில்லை என்றாலும், பெரும்பிழை அதுவன்று.

பிழை 'இல்லம்' என்பதில் இருக்கிறது. பழந்தமிழில் அது வீடுதான். ஆனால் முதியோர் இல்லம், குழந்தைகள் இல்லம் என்று வழங்கி வழங்கி, வீட்டை விட்டுக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடம் என்ற பொருளை இத்துறையில் அது பெற்றுவிட்டது. எனவே, 'இல்லப் பராமரிப்புக்கான நிதியைக் குறைக்காதீர்' என்ற கோரிக்கையைப் படிப்பவர், விடுதிகளுக்குப் பணம் கேட்கிறார்கள் என்றே கொள்வார். கேட்டவர்களோ அவ்விடுதிகளுக்குப் போகாமலிருக்கவே கேட்டார்கள். 2006-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 19ஆம் உறுப்பு, எங்கே, யாரோடு வாழ்வது என்பதைத் தேர்ந்துகொள்ளும் உரிமையைக் கூறுமிடத்தில், வீட்டில் பெறும் உதவியையும் உறைவிடத்தில் பெறும் உதவியையும் தனித்தனியே சுட்டுகிறது. மூலம் பிரித்துவைத்ததை நம் மொழிபெயர்ப்பு ஒட்டிவைக்கிறது.

'வீட்டுப் பராமரிப்பு' எனலாமே என்பர். வேற்றுமைத்தொகையில் உருபு மறைவதால் அது 'வீட்டைப் பராமரித்தல்' என்றே முதலில் விரியும். வெள்ளையடிப்பும் ஒழுகும் கூரையும்தான் நினைவுக்கு வரும். தனித்தமிழ் அன்பர் சிலர் சொல்லும் 'மனைப் பேணல்' நிலம் விற்பவரின் சொல்லாகவே காதில் விழுகிறது.

உருபை மறைக்காமல் 'வீட்டில் பேணல்' என்பதே தெளிவு. 'பெரியாரைப் பேணாது ஒழுகின்' என்னும் குறளில் 'பேணுதல்' மதித்தலையும் குறிக்கிறது. பிறர் கையால் குளிப்பாட்டப்படுபவருக்கு அந்த மதிப்பு உணவுக்கு நிகராக வேண்டியது. தம்மை யாரும் பேண வேண்டியதில்லை, துணை போதும் என்னும் மாற்றுத்திறனாளிகளுக்கு 'வீட்டில் துணை' என்றே எழுதலாம்.

இதே அறிக்கைகள் பொதுநிதி என்பதை 'இலவசம்' என்றும் பெயர்க்கின்றன. அதுவும் பொருந்தாது. 2000-இல் ஜப்பான் தொடங்கிய பேணல் காப்பீட்டில் 40 வயது முதலே சந்தா கட்ட வேண்டும். சேவை பெறும்போதும் கட்டணத்தில் ஒரு பங்கைப் பயனாளியே செலுத்துகிறார்.