யுவி ரெசின்: ஒளி எட்டாத இடத்தில் என்ன மிஞ்சுகிறது?

ஒளி பட்டால் இறுகும் ரெசின்களைக் கலந்து சோதிப்பது என் வேலை. "தொட்டுப் பார்த்தேன், கெட்டியாகிவிட்டது. இனி பயமில்லைதானே?" என்று பலரும் கேட்பார்கள். வெறும் விரலால் தொட்டதுதான் எனக்கு முதல் கவலை.

பல் குழியை அடைக்கும் கலவை, ஜெல் நகப்பூச்சு, முப்பரிமாண அச்சு, ஒளியிழையின் மேலுறை, பெட்டிகளில் அச்சிடும் யுவி மை என எல்லாவற்றிலும் நடப்பது ஏறக்குறைய ஒரே வினைதான். திரவத்தில் இருப்பவை மோனோமர் என்ற சிறு மூலக்கூறுகள். பெரும்பாலும் அக்ரிலேட் அல்லது மெத்தக்ரிலேட் வகை. கூடவே சிறிதளவு ஒளித்தூண்டி. தனக்கு ஏற்ற அலைநீளம் கிடைத்ததும் ஒளித்தூண்டியிலிருந்து ஃப்ரீ ராடிக்கல்கள் என்ற, சட்டென வினைபுரியும் துணுக்குகள் பிறந்து, மோனோமர்களைச் சங்கிலியாகக் கோக்கும். சங்கிலிகள் குறுக்கே பிணைந்து வலையாகும். சில நொடிகளில் திரவம் திடமாகிவிடும்.

சிக்கலும் அந்த வேகத்திலேயே இருக்கிறது. வலை இறுக இறுக, மிஞ்சிய மோனோமர்களுக்கு நகர இடமிருக்காது. நன்றாக ஒளியூட்டிய பல் கலவையிலேயே, மோனோமர்கள் கோத்துக்கொள்ளும் இடங்களான இரட்டைப் பிணைப்புகளில் சுமார் 55 முதல் 75% வரைதான் வினைபுரியும். மீதியில் பெரும்பகுதி ஒரு முனையில் வலையோடு பிணைந்திருப்பதால் வெளியே வராது. ஒளி போதாமல் போனால் கதை வேறு. எதிலும் பிணையாத மோனோமர் உள்ளேயே தங்கிவிடும்.

ரெசினுக்குள் போகப் போக ஒளி மங்கும். அதனால்தான் பல் மருத்துவர்கள் வழக்கமான கலவையைச் சுமார் 2 மி.மீ. அடுக்குகளாக வைத்து ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒளி காட்டுகிறார்கள். கறுப்பு நிறமி சேர்த்தால் ஆழம் இன்னும் குறையும். விளக்கின் வாட் எண்ணை மட்டும் பார்த்து வாங்குவதில் பயனில்லை. பல் கலவைகளில் அதிகம் பயன்படும் கேம்ஃபர்குவினோன் என்ற ஒளித்தூண்டி 470 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளியைத்தான் நன்றாக உறிஞ்சும்; பல ரெசின் அச்சுக் கருவிகள் 405 நானோமீட்டரில் இயங்குகின்றன. ஒன்றின் விளக்கை மற்றொன்றுக்குக் காட்டிவிட்டு, ரெசின் மட்டம் என்று திட்டுவதில் நியாயமில்லை.

விரல் சோதனை இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். காற்றிலுள்ள ஆக்சிஜன் ராடிக்கல்களைப் பிடித்து வைத்துக்கொள்வதால், மேலே மெல்லிய பிசுபிசுப்பு நின்றுவிடும். அடியில் நன்றாக இறுகியிருக்கலாம். அதுபோலவே, மேல் தோல் கண்ணாடி மாதிரி மின்னும்போது அடி இன்னும் மாவாக இருக்கலாம்.

சரி, அந்த மிச்சம் என்ன செய்யும்? தோல் ஒவ்வாமை. அமெரிக்கத் தொடு தோல் அழற்சி மருத்துவர் சங்கம் 2012இல் அக்ரிலேட்டை 'ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று அறிவித்தது. நகப்பூச்சுகளில் அதிகம் காணப்படும் ஹீமா என்ற மெத்தக்ரிலேட் இதில் பேர்போனது. அரிப்பு விரலோடு நிற்காது. அந்தக் கை பட்ட கண்ணிமையிலும் கன்னத்திலும் தடிப்பு வரும். ஒருமுறை உடல் இதை எதிரியாகக் குறித்துக்கொண்டால் பெரும்பாலும் ஆயுள் முழுக்க அப்படித்தான். பிற்பாடு பல் அடைப்பு, மூட்டு மாற்று அறுவைக்கான எலும்பு சிமென்ட், சர்க்கரை அளக்கும் சென்சாரின் பசை என்று அக்ரிலேட் குடும்பம் எங்கே எதிர்ப்பட்டாலும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியிருக்கும். பொழுதுபோக்காகச் செய்யும் ஒரு சாவிக்கொத்துக்கு இது அதிக விலை என்பேன்.

லேடெக்ஸ் கையுறையை இந்த மோனோமர்கள் சில நிமிடங்களில் கடந்துவிடும். நைட்ரில் தேவலை, ஆனால் மெல்லிய நைட்ரிலும் ரெசின் சிந்தியதும் கழற்றி எறிய வேண்டியதுதான். கறைபட்ட கையுறையோடு மாலை வரை வேலை செய்வதைவிடக் கையுறை இல்லாமல் உடனே சோப்பு போட்டுக் கழுவுவது மேல்.

ஒளித்தூண்டிகளும் சாதுவானவை அல்ல. 2005இல் இத்தாலியில் குழந்தைகளுக்கான பாலை அதிகாரிகள் பெருமளவில் பறிமுதல் செய்தார்கள். பெட்டியின் வெளிப்புற மையிலிருந்த ஐடிஎக்ஸ் என்ற தூண்டி பாலுக்குள் வந்திருந்தது. டிபிஓ என்ற தூண்டியை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் அழகுசாதனப் பொருட்களில் தடை செய்திருக்கிறது. அதன்பிறகு 'டிபிஓ இல்லை' என்ற ஒட்டு குப்பிகளில் பரவலாகத் தெரிகிறது. அது ஒளித்தூண்டியைப் பற்றிய செய்தி மட்டுமே. அக்ரிலேட் ஒவ்வாமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அப்புறம், அச்சுப் பொருளைக் கழுவிய ஆல்கஹால். அதில் கரைந்திருப்பது இறுகாத ரெசின், நீர்வாழ் உயிர்களுக்குக் கேடு. சாக்கடையில் ஊற்றாதீர்கள். ஒளி புகும் குப்பியில் மூடி வெயிலில் வையுங்கள். ரெசினில் பெரும்பங்கு இறுகி அடியில் படியும். வடிகட்டிய ஆல்கஹாலை மறுபடி கழுவப் பயன்படுத்தலாம். படிந்ததை இன்னும் கொஞ்ச நேரம் வெயிலில் காய விட்டு, முழுக்க இறுகிய பிறகு திடக்கழிவாகப் போடுங்கள். அந்த வேலைக்கும் கையுறை வேண்டும்.