பருவநிலைப் பற்றுச்சீட்டு: 400 வெள்ளியை எடுத்துவிட்டீர்களா?

சிங்கப்பூர் அரசு தரும் யூ-சேவ் கட்டணத் தள்ளுபடி காலாண்டுக்கு ஒருமுறை தானாகவே மின்கட்டணத்தில் கழிந்துவிடுகிறது. மின்சாரத்தையும் தண்ணீரையும் மிச்சப்படுத்தும் பொருள்களை வாங்க அரசு தரும் பருவநிலைப் பற்றுச்சீட்டு அப்படி வந்து சேராது. நாம்தான் கேட்டுப் பெற வேண்டும். இதனாலேயே பல வீடுகளில் அது தொடப்படாமல் கிடக்கிறதோ என்று எனக்குக் கவலை.

2024 ஏப்ரலில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) குடும்பங்களுக்கு 300 வெள்ளி அறிவிக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் மேலும் 100 வெள்ளி சேர்ந்தது. சிங்கப்பூரர் வசிக்கும் தனியார் வீடுகளுக்கும் அப்போதுதான் 400 வெள்ளி கிடைத்தது. முதல் 300 வெள்ளியை முன்பே வாங்கிய வீவக குடும்பங்கள், கூடுதல் 100 வெள்ளியையும் எடுத்தாயிற்றா என்று பார்த்துக்கொள்ளுங்கள். குடும்பத்தில் ஒருவர் சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னிலக்க அடையாளம் வழியாக எடுத்தால் போதும். வரும் இணைப்பை வீட்டில் மற்றவர்களுக்கும் அனுப்பலாம். 2027 டிசம்பர் 31 வரை செல்லும்.

திட்டத்தில் பங்கேற்கும் கடைகளில் மட்டுமே இதைப் பயன்படுத்தலாம். பொருளின் முத்திரையில் உள்ள டிக் குறிகளையும் எண்ணிப் பாருங்கள்; குறி கூடக்கூட மிச்சமும் கூடும். குளிர்சாதனப் பெட்டிக்குக் குறைந்தது மூன்று, ஏர்கோனுக்கு (அறைக் குளிரூட்டிக்கு) ஐந்து. எல்இடி விளக்கு, டிசி மின்விசிறி, தண்ணீரை மிச்சப்படுத்தும் குழாய், சலவை இயந்திரம் ஆகியவையும் பட்டியலில் உண்டு. தண்ணீரைக் குறைவாகக் கொட்டும் குளியல் குழாய், வெந்நீருக்காகும் மின்சாரத்தையும் சேர்த்துக் குறைக்கும்.

எதை முதலில் மாற்றுவது? இரவும் பகலும் ஓடுவதை. நம் வீடுகளில் பலர் மறந்துவிடும் ஒன்று, சாமி மாடத்தில் அணையாமல் எரியும் சிறு விளக்கு. பழைய 15 வாட் குமிழ் ஆண்டு முழுவதும் எரிந்தால் ஏறக்குறைய 131 யூனிட் ஆகும். யூனிட்டுக்கு 30 காசு என்று வைத்துக்கொண்டால் 39 வெள்ளி. அதே இடத்தில் 2 வாட் எல்இடி போட்டால் 5 வெள்ளி சொச்சம்தான். சில வெள்ளி விலையுள்ள விளக்கு, சில மாதங்களிலேயே தன் விலையை மீட்டுத் தந்துவிடும்.

அடுத்தது குளிர்சாதனப் பெட்டி. முத்திரையில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று அச்சிட்டிருப்பார்கள். இரண்டு பெட்டிகளை ஒப்பிடும்போது அந்த எண்களைக் கழித்து, உங்கள் ரசீதில் உள்ள யூனிட் விலையால் பெருக்குங்கள். 100 யூனிட் வித்தியாசம் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி. பத்து ஆண்டுக்கு 300. விலை மலிவான பெட்டி உண்மையில் மலிவுதானா என்பது அந்தக் கணக்கில் தெரிந்துவிடும். நன்றாக ஓடும் புதிய பெட்டியைப் பற்றுச்சீட்டுக்காக மாற்றுவதை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஏர்கோன் பெரிய செலவு. 400 வெள்ளி அதன் விலையில் ஒரு பகுதியைத்தான் தாங்கும். புதியது வாங்கும்வரை, இருப்பதன் வெப்பநிலையை 25 பாகையில் வைத்து மின்விசிறியையும் சேர்த்துப் போடுங்கள்.

கைத்தொலைபேசி பழகாத தாத்தா, பாட்டி தனியாக இருக்கும் வீடுகள் உங்கள் புளோக்கில் இருக்கும். பற்றுச்சீட்டை எடுக்க அருகிலுள்ள சமூக மன்றத்தில் உதவுவார்கள். அடையாள அட்டையை எடுத்துக்கொள்ளச் சொல்லி, ஒருமுறை கூட்டிப் போய் வாருங்கள்.